பதினெட்டு இஞ்சு ஆசை

போடு ராசா, போடு. பதினெட்டு இஞ்சே போடு. ஒரகடம் கூட்ரோட்டுல ட்ரெய்லர்காரன் வண்டிய ஓரங்கட்டிட்டு எட்டிப் பாக்கணும், அப்படிப் பளபளன்னு போடு. உன் வெர்னா டர்போவுக்கு 16 இஞ்சு அலாய் குடுத்தது கம்பெனிக்காரன் தப்புதான். இருங்காட்டுக்கோட்டையில ஊரு கணக்கா பேக்டரியக் கட்டி, 1998ல சான்ட்ரோ எறக்கினதுலருந்து கார் பண்ணிகினு இருக்கான். அவனுக்குத் தெரியுமா எந்த வண்டிக்கு எந்தச் சக்கரம்னு? ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையில அலாயத் துணி போட்டுத் தொடைக்கிற பையன் சொல்லிட்டான், "அண்ணா, 18 போட்டாத்தான் கெத்து"ன்னு. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவனுக்குக் கமிஷன் இருக்குது, கம்பெனிக்காரனுக்கு இன்னா இருக்குது?

உங்க தாத்தனுக்கு ஒண்ணும் தெரியாது, ஒத்துக்கறேன். நெலத்தக் குடுத்துட்டு, அந்த நெலத்துல எழும்புன கம்பெனி கேட்டுலயே வாட்ச்மேனா நின்னவன் நான். ராத்திரியில படிக்கிறதுக்கு வேற இன்னா இருந்தது? லாரி டயர்ல இருக்கிற எழுத்துதான். அதைப் படிச்சுப் படிச்சே அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சுகினேன். நீ எஞ்சினீயருக்குப் படிச்சவன், உன் வண்டி டயரு மேல இன்னா எழுதியிருக்குதுன்னு சொல்லு பாக்கலாம். முழிக்காத. நானே சொல்றேன்.

205/55 ஆர் 16, 91 வி. இதான உன் டயரு ஜாதகம். 205ன்னா அகலம், மில்லிமீட்டர்ல. 55ன்னா அந்த அகலத்துல நூத்துக்கு 55 பங்கு ஒசரம். கணக்குப் போட்டா பக்கச் சுவரு 113 மில்லி கிட்ட வரும். ஆர்னா ரேடியல். 16ங்கிறது ரிம்மு, இஞ்சுல. 91ன்னா ஒரு டயரு 615 கிலோ தாங்கும். வின்னா மணிக்கு 240 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும். 240ல எங்க போவப் போறேன்னு கேக்காத. வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுல காலையில ஷிப்டு பஸ்ஸு வரிசைக்குப் பின்னால நிக்கும்போது நெனச்சுக்கறதுக்கு அந்த வி இருக்குது. ஆனா ஒண்ணு, கடைக்காரன் வெலை கம்மின்னு வி எழுத்துக்குக் கீழ இருக்கிறதத் தள்ளுவான், வாங்காத. கம்பெனி போட்டுக் குடுத்த எழுத்துக்கும் நெம்பருக்கும் மேல போலாம், கீழ எறங்கக் கூடாது.

இப்ப உன் ஆசைக்கு வருவோம். 18 போட்டா 225/40 போடணும். அப்பத்தான் மொத்த ஒசரம் பழசோட ஒத்துப் போவும். பழைய சக்கரம் 632 மில்லி, இது 637. சரிதான், ஸ்பீடோ மீட்டரும் ஏமாறாது. ஆனா பக்கச் சுவரு 113லருந்து 90 ஆயிடுச்சு. ரிம்மு வளந்துச்சு, ரப்பரு தேஞ்சுச்சு. அந்த 23 மில்லிய எங்க இழந்தேன்னு உனக்கு ஷோரூம்ல தெரியாது. சிங்கபெருமாள்கோயில் ரோட்டுல மழைத் தண்ணி தேங்கி நிக்குதே, அதுக்கடியில ஒளிஞ்சிகினு இருக்கிற பள்ளத்துல தெரியும். பள்ளத்து ஓரம் ஒரு பக்கம், ரிம்மு ஒரு பக்கம், நடுவுல மாட்டுன டயரு நசுங்கி, உள்ள இருக்கிற நூலு அறுந்து, மறுநாள் காலையில பாத்தா பக்கத்துல கொப்புளம் கட்டியிருக்கும். அதுக்குப் பஞ்சர் போட முடியாது, ஒட்டு வெக்க முடியாது. டயரத் தூக்கிப் போட வேண்டியதுதான். இரும்பு டிஸ்க்கா இருந்தா நெளியும், தட்டி எடுக்கலாம். அலாய்னா விரிசல் வுடும். விரிசல வெல்டிங் வெச்சுத் தரேன்னு சொல்ற ஆளு நம்ம பக்கத்துல உண்டு. அவன் கையெடுத்துக் கும்பிட்டாலும் வண்டியக் குடுத்துடாத. வெல்டு வெச்ச அலாயுல நூறு ஸ்பீடுல போறவனுக்கு என்கிட்ட அறிவுரை ஒண்ணும் இல்ல.

ரேஸ்காரன்லாம் போடறானேன்னு கேப்ப. கேளு. இருங்காட்டுக்கோட்டையில மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்காரங்க கட்டுன ரேஸ் ட்ராக்கு 1990லருந்து ஓடுது, நம்ம ஊரு பக்கத்துலயே. அதுக்கு முந்தி சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல வுட்டுகினு இருந்தாங்க. இங்க ஒரு சுத்து 3.7 கிலோமீட்டர். அந்த 3.7ல பள்ளம் கெடையாது, ஸ்பீடு பிரேக்கர் கெடையாது, எதிர்ல ராங் சைடுல வர்ற ஷேர் ஆட்டோ கெடையாது. காஞ்ச ரோடுன்னா கோடே இல்லாத மொட்ட டயரு போட்டு ஓட்டுறான். மழை வந்தா? வண்டிய உள்ள கொண்டாந்து தண்ணி ஓடறதுக்குக் கோடு வெச்ச டயர மாத்திகினு போறான். ரேஸ்காரனே தூறலுக்குப் பயந்து டயரு மாத்துறான், நீ ஐப்பசி மழையில 18 இஞ்சுல அகலத்தக் காட்டப் போற. அகலம் ஏற ஏற, தண்ணிய வெட்டிகினு போறது கொறஞ்சு, தண்ணி மேல மெதந்துகினு போறது ஈசியாவும். அப்ப ஸ்டியரிங்கு உன் கையில இருக்கும், வண்டி வருண பகவான் கையில இருக்கும்.

மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத. ஒரு படி ஏறணும்னா ஏறு, 17க்கு. 225/45 ஆர் 17. மொத்த ஒசரம் 634, பழசுக்கு ரெண்டு மில்லிதான் வித்தியாசம். பக்கச் சுவரு 101 வரும். இதுல வண்டி வளைவுல கொஞ்சம் கெட்டியாத் திரும்பும், பாக்கவும் அழகா இருக்கும், பள்ளத்துக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆனா எவனாவது "கையில ஸ்டாக்கு இருக்குதுண்ணா, 215/50 போட்டுக்கலாம்"னு சொன்னா எழுந்து வந்துடு. அது 647 மில்லி. மீட்டர் 100 காட்டும்போது நீ 102க்கு மேல போய்கினு இருப்ப. முழுசாத் திருப்பும்போது மட்கார்டுல உரசினாலும் உரசும். சைஸு மாத்தினா இன்சூரன்ஸ்காரனுக்கும் ஒரு வார்த்த எழுதிக் குடுத்துடு. இல்லன்னா அடிபட்ட அன்னிக்கு அவன் டயரத்தான் மொதல்ல படிப்பான், என்னைவிட நல்லாப் படிப்பான்.

அலாய் வாங்கும்போது அழகப் பாத்தா பத்தாது. நம்ம மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு ஆசாரி இன்னா பண்ணுவாரு? குடத்து ஓட்ட இருசுக்குச் சேருதான்னு பத்து தபா போட்டுப் போட்டுப் பாத்துட்டுத்தான் கடையாணி மாட்டுவாரு. கொஞ்சம் லொடலொடன்னு இருந்தாலும் சக்கரம் ஆடி ஆடி இருசத் தின்னுடும். காருக்கும் அதே கதைதான். போல்ட்டு எத்தனை, போல்ட்டு வட்டம் எம்மாம், நடு ஓட்ட எம்மாம், ரிம்மு உள்ள தள்ளியிருக்கா வெளிய தள்ளியிருக்கா, இந்த நாலும் ஒத்து வரணும். கடசியா சொன்னதுக்கு ஆஃப்செட்னு பேரு. ஆஃப்செட்ட மாத்தி வெளிய தள்ளிப் போட்டா வண்டி காலு அகட்டி நிக்கிற மாதிரி ஸ்டைலாத்தான் இருக்கும். வீல் பேரிங்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் அந்த ஸ்டைலுக்கு வட்டி கட்டுவ. ரிம்முக்குப் பின்பக்கம் எவ்ளோ எடை தாங்கும்னு அச்சு இருக்குதா, ஐஎஸ்ஐ முத்திரை இருக்குதான்னு பாரு. 1960ல ஆரம்பிச்ச வீல்ஸ் இந்தியா பாடியில சக்கரம் பண்ணிகினு இருக்குது, சக்கரம் பண்றது இந்த மெட்ராஸுக்குப் புதுத் தொழில் இல்ல. ஆனா பேரு போன டிசைன அப்படியே உரிச்சு வெச்ச டூப்ளிகேட்டும் இங்கதான் விக்குது. அது எடையும் ஜாஸ்தி. 160 குதிரைன்னு பீத்திகினு வாங்குன, அதுல பாதிய வெட்டி எடையச் சொமக்க வுட்டுட்டு மைலேஜு கொறையுதுன்னு என்கிட்ட வந்து பொலம்பாத.

சரி, ரப்பருக்கு வா. காசு கொட்ட வேண்டிய எடம் இதான், நீ கொட்ட மாட்ட. ஏன்னா ரப்பரு கறுப்பு, போட்டோவுல விழாது.

நம்மளச் சுத்திப் பாரு. ஒரகடத்துல அப்போலோ 2010லருந்து டயரு போட்டுகினு இருக்குது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜேகே டயரு 2012ல வந்துச்சு, சியட்டு 2020ல வந்துச்சு. திருவொற்றியூர்ல ஒரு கொட்டாயில 1946ல பொம்ம பலூன் பண்ண ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு எம்ஆர்எஃப். இம்மாம் டயரு கம்பெனி நடுவுல குந்திகினு நீ யூடியூப்ல தாய்லாந்துக்காரனக் கேட்டுகினு இருக்க. வெளியூரு டயரும் நல்லாருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல. பேரப் பாத்து வாங்காதங்கிறேன். "ரொம்ப நாளு ஓடும்"னு ஒரு டயர விப்பான். கெட்டி ரப்பரு, நெசமாவே ஓடும். ஆனா ஈர ரோட்டுல பிரேக் அடிச்சாலும் ஓடும், அதான் கஷ்டம். மெது ரப்பரு சீக்கிரம் தேயும், ஆனா புடிக்கும். டர்போ வண்டி வெச்சிருக்கிறவன் தேயறதுக்கு அழக் கூடாது. ஈரத்துல எப்படிப் புடிக்குது, எம்மாம் சத்தம் போடுது, உருள்றதுக்கு எம்மாம் இழுக்குது, இந்த மூணுக்கும் அளவு வெச்சு 2022ல மத்திய சர்க்காரே விதி கொண்டாந்துச்சு. நீ வாங்கும்போது மொதல்ல ஈரத்தக் கேளு, அப்பால சத்தம், வெலையக் கடசியாக் கேளு. நீ தலைகீழாக் கேப்பன்னு எனக்குத் தெரியும்.

அப்புறம் பொறந்த தேதி. டயரு பக்கத்துல சின்னதா ஒரு கட்டத்துக்குள்ள நாலு நெம்பர் இருக்கும். 2324ன்னா 2024ஆம் வருஷத்துல 23ஆவது வாரம் பொறந்தது. பேக்டரி கூப்பிடு தூரத்துல இருக்குதேன்னு நம்பிடாத. குடோன்ல வருஷக்கணக்கா கெடந்தத ஆஃபர்னு தள்ளுவான். நாலு டயரும் பொறந்த வாரத்தப் படிச்சுக் காட்டுன்னு சொல்லு. அவன் மொகம் மாறுதான்னு பாரு, அதுலயே பாதி தெரிஞ்சிடும்.

காத்து விஷயம் ஒண்ணு சொல்றேன், இதுல படிச்சவன்தான் அதிகம் ஏமாறுவான். டயரு பக்கத்துல மேக்ஸ்னு போட்டு ஒரு அளவு இருக்கும். அது டயரு தாங்கற எல்ல, நீ அடிக்க வேண்டியது இல்ல. நீ அடிக்க வேண்டியது டிரைவரு கதவத் திறந்தா ஸ்டிக்கருல இருக்குது. கத்திரி வெயில்ல மத்தியானம் ஓட்டிட்டு வந்து அளந்தா காத்து சூட்டுல ஏறியிருக்கும். ஜாஸ்தியா இருக்குதுன்னு எறக்கிடாத, விடியக்காலையில அளந்து பாரு. நைட்ரஜன் அடிக்கிறியா, அடி. உங்க தாத்தன் மூச்சு வுட்ட காத்துலயே பெரும்பங்கு நைட்ரஜன்தான், அது ஓசி.

ரெண்டு டயரு மட்டும் மாத்தறதா இருந்தா புதுசப் பின்னாடி போடு. ஆமா, பின்னாடிதான். எஞ்சின் இழுக்கிறது முன்சக்கரத்துலன்னு எனக்கும் தெரியும். மழையில முன்பக்கம் வழுக்குனா வண்டி நேராப் போவும், நீ கால எடுத்தா சமாளிச்சுக்கலாம். பின்பக்கம் வழுக்குனா வண்டி திரும்பி உன் மூஞ்சியப் பாக்கும். டயரு கடையில ஒத்துக்க மாட்டான், சண்ட போடு. நீ ஆபீஸ்ல சண்ட போடறதுக்கு இது மேல்.

கோட்டுக்குள்ள அங்கங்க சின்ன மேடு இருக்கும், பாத்திருக்கியா? ரப்பரு தேஞ்சு அந்த மேட்டோட சமமாச்சுன்னா 1.6 மில்லிதான் மிச்சம், சட்டமே அதோட போதுங்குது. சட்டம் சொல்ற வரைக்கும் காத்திருக்காத. மழைக்காலத்துக்கு முன்னாடியே மாத்திடு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல இந்தப் பக்கம் ரோடெல்லாம் தண்ணியா நின்னப்ப எத்தனை பெரிய கார மொட்ட டயரோட நடு ரோட்டுல தள்ளிகினு போனாங்கன்னு கேட்டுல நின்னு பாத்தவன் நான். சிரிச்சேனா? கொஞ்சம் சிரிச்சேன்.

புது டயரு போட்டதும் வல்லக்கோட்ட முருகன் கோயிலுக்குப் போவ, எலுமிச்சம்பழத்த மிதிச்சுப் பூஜ போடுவ. போடு. ஆனா பூஜைக்கு முந்தி வீல் அலைன்மென்ட்டு, பேலன்சிங் பண்ணிட்டியான்னு பாத்துக்கோ. முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டு, புது டயருல மேல ஒரு வழவழப்பு இருக்கும், அது தேயணும். கோயில் வாசல்லயே சீறிப் பாய்ஞ்சா முருகன் வேலோட வருவாரு, இழுத்துட்டுப் போறதுக்கு ரெக்கவரி வண்டியும் வரும்.

பழைய டயர ஊட்டுக்குத் தூக்கிகினு வராத. போன போகிக்கு யாரோ கொளுத்துன டயரு பொகையில உங்க ஆயா ரெண்டு நாளு இருமினா. கடையிலயே குடுத்துட்டு, பில்லுல கழிச்சுக்கோ.

ரொம்பப் பேசிட்டேன். நீ 18 தான் போடுவ, எனக்குத் தெரியும். கடைக்குப் போறதுக்கு முன்னால அந்த டிக்கியத் தொற. வாங்குன நாள்லருந்து ஸ்டெப்னிக்குக் காத்து அடிச்சியா, இல்லையா?