டர்போ இரண்டு, வடிகால் ஒன்றா?

கேள்வி: லாரியின் டீசல் எஞ்சினில் இரண்டாவது டர்போ மாட்டுகிறோம். அதன் ஆயிலையும் பழைய வடிகால் குழாயிலேயே சேர்த்துவிட்டால் என்ன?

பதில்: சேர்க்கலாம், புகைக்கும் தயாராக இருங்கள். டர்போவுக்குள் ஆயிலைத் தள்ள பம்ப் உண்டு. வெளியே இறக்கப் புவியீர்ப்பு மட்டும்தான். அதனால்தான் உள்ளே போகும் குழாய் ஒல்லி, திரும்பும் குழாய் குண்டு. நுரைத்து இறங்கும் இரண்டு டர்போ ஆயிலும் ஒரே குழாயில் முட்டினால் மேலே தேங்கும். தண்டிலுள்ள சீல், ரப்பர் அல்ல, உலோக வளையம். தேங்கிய ஆயிலை அது தடுக்காது. விளைவு நீலப் புகை. பழி புது டர்போவுக்கு. அதனால் புது டர்போவுக்குத் தனி வடிகால் வைத்து, எஞ்சினடி ஆயில் தொட்டியான சம்பில் இறக்குங்கள். 'சம்பில் ஓட்டை போட்டால் ஒழுகாதா?' என்பார்கள். சம்பைக் கழற்றி, துளையிட்டு, இரும்புத்தூளைக் கழுவி, ஒழுங்காக வெல்டிங் வைத்தால் ஒழுகாது. துளை ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கீழே போட்டால் இரண்டாவது வடிகாலும் தண்டம்.