அம்பாசடரின் எழாமையும் நடுவழி மௌனமும்: ஓர் ஆய்வு

இவ்வாய்வின் பொருள், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழித்தோன்றலாக மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் அவதரித்து, 2014 வரை முகச்சாடை அதிகம் மாறாமல் வந்துகொண்டிருந்த அம்பாசடர். அதிலும் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் வண்டி மட்டுமே. டீசல் அம்பாசடர் தனிச் சமயம். அதற்கு உரை எழுதும் துணிவு நமக்கில்லை.

நோய் இருவகைத்து என்மனார் மெக்கானிக்குகள்: எழாமை, நிற்றல். எழாமை மேலும் இரண்டாகும். காலைக் குளிரில் எழாதது சோம்பல். ஓடிய சூட்டில் எழாதது பிடிவாதம். சோம்பலுக்கு மருந்து சோக். ஆனால் சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலேட்டரையும் மிதிமிதியென்று மிதித்துப் பிளக்கை நனைப்போரே நாட்டில் மிகுதி. பெட்ரோல் வாடை அடித்தால் ஓவர்ஃப்ளோ என்றறிக. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துச் செல்ஃப் அடித்தால் உபரி வெளியேறும். சிக்னலில் மட்டும் நிற்கும் வண்டிக்கு ஐட்லிங் ஜெட்டில் தூசி, அல்லது கார்பரேட்டர் அடிப் பேக்கிங் வழியே திருட்டுக் காற்று. இதில் சர்ச்சை இல்லை. சர்ச்சை இல்லாத இடத்தில் ஆய்வாளனுக்கு வேலையும் இல்லை.

சர்ச்சை பிடிவாதத்தில்தான். இங்கே பெட்ரோல்வாதிகள், கரண்ட்வாதிகள் என இரு சமயத்தார் உளர். மூன்றாவதாகக் காற்றுவாதிகளும் உண்டு. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிவிட்டுப் போய்விடுவதால் அவர்களை விரித்துரைக்கவில்லை. பானெட்டைத் திறந்ததும் இரு சமயத்தாரும் அழையாமலே கூடுவர். "பம்ப்புல ஏர் லாக் சார், ஈரத்துணி போடுங்க" என்பார் டீக்கடைக்காரர். "அதெல்லாம் இல்லண்ணே, பாயிண்ட் தீஞ்சிருக்கும்" என்பார் லாரி கிளீனர். வண்டிக்காரர் கருத்தை யாரும் கேட்பதில்லை, முறையும் அதுவே.

பெட்ரோல்வாதம் பொய்யன்று. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் குமிழி கட்டினால் பம்ப் குமிழியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் இவர்கள் கை மேலும் ஓங்கியிருக்கிறது; பழைய ரப்பர் டயாஃப்ரமும் ஹோஸும் எத்தனாலுக்குப் பழகாதவை.

எனினும் ஈரத்துணியைச் சான்றாக ஏற்பதில் நமக்கு ஆழ்ந்த ஐயம் உண்டு. துணி தேடி, தண்ணீர் கேட்டு, டீயும் குடித்து முடிவதற்குள் பம்ப் மட்டுமா ஆறுகிறது? கண்டென்சரும் காயிலும்கூட ஆறுகின்றன. சூட்டில் செயலிழந்து குளிரில் பிழைப்பது அவற்றின் பழைய வழக்கம். வண்டி கிளம்பியதும் பாராட்டு துணிக்குப் போகிறது. அடுத்த ஊரில் வண்டி மறுபடி நிற்கிறது. குணப்படுத்தியது துணியா, பொழுதா என்று ஒருவரும் வினவுவதில்லை.

ஆகவே நாம் முன்மொழியும் ஆய்வுமுறை: நின்றவுடனே, ஆறவிடாமல், பெட்ரோல் ஒழுகல் எங்கும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, ஒரு பிளக்கைக் கழற்றி அதன் ஒயரிலேயே மாட்டி, எஞ்சின் உடம்பில் படும்படி வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்க. பொறி நீலமாகப் பளிச்சென்று வெடித்தால் பெட்ரோல்வாதிகள் வென்றார்கள். மஞ்சளாக முனகினாலோ, வராமலே இருந்தாலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்கலாம். பாயிண்ட் குழி விழுந்து கருகியிருந்தால் அதை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவில் வைத்துவிட்டு ஓய்வது பாமரர் மரபு. பாயிண்ட்டைக் கருக்கியவன் பெரும்பாலும் பக்கத்திலேயே சுண்டுவிரல் அளவில் சாதுவாக உட்கார்ந்திருப்பான். அவன்தான் கண்டென்சர்.

கார்பரேட்டரை மூன்று முறை பிரித்து, பம்ப் மாற்றி, டேங்கைக் கழுவி, பேட்டரியையும் புதிதாக வாங்கிய பின்னரே இவ்வுருப்படியை மாற்றுவது வழக்கம். விலையில் இதுவே இவை எல்லாவற்றிலும் மலிவு. வாசகர்கள் முதலில் இதை மாற்றிப் பார்க்கவும். கழற்றிய பழையதை உடனே எறிந்துவிட வேண்டாம்: இன்று கடையில் கிடைக்கும் புதுக் கண்டென்சர்களில் சில அதைவிட மோசம்.