சுடப்பட்ட புத்தரும் எரிந்த நூலகமும்: கேள்வி-பதில்

கல்லூரி மாணவி, குற்றாலம்
கே: இலங்கைத் தமிழ்க் கவிஞர் எம்.ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ கவிதையைப் படித்தோம். 2,500 ஆண்டுக்கு முன் மறைந்தவரை 1981இல் எப்படிச் சுட முடியும்?

ப: பெயரை வைத்துக்கொண்டு போதனையைக் கைவிட்டால் சுடலாம். பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாடு இலங்கை. அங்கேதான் 1981இல் ஓர் இரவு, காவல்துறையினரும் இருந்த கும்பலொன்று யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தது. அந்த எரிப்பைப் பற்றிய இக்கவிதையில் சாதாரண உடையில் வந்த அரசின் ஆட்கள் புத்தரைச் சுடுகிறார்கள். பட்டியலில் இல்லாதவரை ஏன் கொன்றீர்கள் என்று அமைச்சர்கள் கேட்கிறார்கள். இவர் இருக்கும்வரை வேறு எந்த உயிரையும் தொட முடியாது என்பதே கொன்றவர்களின் விளக்கம். கவிதை முழுவதும் அந்த விளக்கத்தில் இருக்கிறது.

தமிழாசிரியர், தென்காசி
கே: “நூலகம் அறிவின் குறியீடு” என்று எழுதிவிட்டுப் பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள். மதிப்பெண் போடலாமா?

ப: பாதி போடுங்கள். மீதிக்கு “எந்த நூலகம்?” என்று கேளுங்கள். 1933இல் கே.எம். செல்லப்பா தம் வீட்டில் தொடங்கியது. ஊர் கூடி வளர்த்தது. சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்கு ஆலோசனை சொன்னார். எரிந்தவை சுமார் 97,000 நூல்கள்; வேறு பிரதியே இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. புத்தரின் உடலை மூடத் தொண்ணூறாயிரம் நூல்களைக் கவிஞர் அடுக்குகிறார் என்றால், அந்தத் தொகை கற்பனையில் பிறந்ததல்ல.

வழக்கறிஞர், செங்கோட்டை
கே: புத்தர் சுடப்பட்டதைக் கவிஞர் கனவில் கண்டதாகச் சொல்வது தப்பித்துக்கொள்ளும் வழி இல்லையா?

ப: ‘கனவு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். சம்பவ இடம், நேரம், வந்தவர்களின் உடை, மேலிடத்து விசாரணை, பிணத்தை மறைக்கும் உத்தரவு, தடயத்தை எரித்தது என எல்லாம் வரிசையாக நிற்கும். முதல் தகவல் அறிக்கையில் நீங்கள் தேடுவது இவற்றைத்தானே?

இல்லத்தரசி, இலஞ்சி
கே: சிகாலோவாத சூத்திரத்தைக் கொண்டு கொளுத்துகிறார்களே, ஏன் அந்த நூல்?

ப: சிகாலன் என்ற குடும்பஸ்தனுக்குப் புத்தர் சொன்ன அறிவுரை அது. பெற்றோர், ஆசிரியர், மனைவி மக்கள், நண்பர், வேலையாள், துறவி ஆகியோரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும். ஊர் என்றால் இவர்கள்தானே! சுற்றியிருப்போரோடு வாழக் கற்றுத்தந்த நூலே கொள்ளியாகிறது. முடிவில் தம்மபதமும் சாம்பலாகிறது. தீ வைத்தவர்கள் தங்கள் வேதத்தையும் சேர்த்தே எரித்தார்கள்.

வாசகர், மேலகரம்
கே: படுகொலையைச் சொல்லும் கவிதைக்கு அழகான படிமம் எதற்கு?

ப: உங்கள் ஊர் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் மலையின் கனிகளைப் பாடினார். நமக்குக் கனி என்றால் செழிப்பு. ஆனால் அமெரிக்காவில் கருப்பின மக்களை அடித்து மரத்தில் தூக்கிலிட்ட கொடுமையைப் பற்றி நியூயார்க் பள்ளி ஆசிரியர் ஏபெல் மீரோபோல் எழுதிய கவிதை 1937இல் வெளிவந்தது. தொங்கிய உடல்களை அவர் கனிகள் என்றார். 1939இல் பில்லி ஹாலிடே அதைப் பாடினார். பசுமையான மரத்தையும் பழத்தையும் முன்னே வைத்ததால்தான், அந்த மண்ணில் கொலை எவ்வளவு சகஜமாகிவிட்டது என்பது உறைக்கிறது.

விவசாயி, கடையம்
கே: எங்கள் ஊரில் வாழ்ந்த பாரதியை இந்த வரிசையில் சேர்க்கலாமா?

ப: தாராளமாக. 1918 முதல் 1920 வரை கடையத்தில் வாழ்ந்த பாரதிதான், பிஜித் தீவுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட பெண்களுக்காகக் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடியவர். அவர்களின் அழுகையைக் கேட்டாயா என்று காற்றிடம் விசாரிக்கிறார். சாட்சி சொல்ல அங்கிருந்து வேறு யார் வர முடியும்?

ஓய்வுபெற்றவர், குற்றாலம்
கே: ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர் இது. கொலைக் கவிதையை ரசிக்கலாமா?

ப: கம்பன் பாட்டை நிறுத்தி நிதானமாக, திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுவது அவர் வழக்கம். அந்த நிதானம் இங்கும் வேண்டும். கவிதை நம்மிடம் எதிர்பார்ப்பது உணர்ச்சி. அது இன்பமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இளைஞர், கடையநல்லூர்
கே: யாழ்ப்பாண நூலகத்தைத் திரும்பத் திறந்தாயிற்றே. எங்கோ நடந்ததை நாம் ஏன் இன்னும் படிக்க வேண்டும்?

ப: கட்டடம் திரும்பியது, ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகள் திரும்பவில்லை. எங்கோ நடந்ததும் அல்ல. நம் தென்மாவட்டங்களில் சாதிக்காக அரிவாள் எடுப்பவர்களும் ஒரு தலைவர் பெயரையோ சாமி பெயரையோ சொல்லிக்கொண்டுதான் எடுக்கிறார்கள். அந்தத் தலைவரும் சாமியும் இதற்குச் சம்மதித்தார்களா என்று கேட்கும் துணிவை நுஃமான் கவிதை தருகிறது. பள்ளிக்கூடத்துக்குச் சாதிக் கயிறு கட்டி வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதை வாசியுங்கள்.

மாணவர், பாவூர்சத்திரம்
கே: இத்தகைய கவிதையை எப்படிப் படிப்பது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ப: யார், எங்கே, எப்போது என்று முதலில் கேளுங்கள். எதற்குக் குறியீடு என்பதை அப்புறம் கேளுங்கள்.