பி போட்ட பக்கெட்

போன வியாழக்கிழமை காலை ஆறே காலுக்கு வாட்ஸாப் குழுவில் வந்தது அந்தச் செய்தி. நம்மவர் பல்கூடத் தேய்த்திருக்கவில்லை. 20ஆம் ஆண்டு சந்திப்பு மலருக்காக, கல்லூரி நண்பர்களிடம் கற்ற பாடங்களுக்கு நன்றி சொல்லி ஆளுக்கு 100 வார்த்தை எழுத வேண்டுமாம். ஞாயிறு கடைசி நாள். கீழே கூப்பிய கைகள் மூன்று ஜோடி.

எட்டு மணிக்குள் 11 நன்றிகள் வந்து விழுந்தன. பதினொன்றிலும் ‘மறக்க முடியாத பயணம்’ இருந்தது. நாலு வருஷமும் ஒரே விடுதியில் கிடந்தவர்கள் எங்கே பயணம் போனார்கள் என்று நம்மவருக்கு விளங்கவில்லை. மூன்று நன்றிகளில் வாக்கியங்கள்கூட அச்சு அசல் ஒன்றுதான். அன்றைக்கு அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதியவர்கள் இன்றைக்குச் சாட்ஜிபிடியைப் பார்த்து எழுதுகிறார்கள். அப்போதாவது ஆளுக்கொரு கையெழுத்து இருந்தது.

2001இல் சேர்ந்த பேட்ச் இது. ஆளுக்கொரு பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்த பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் வந்த வருஷம். நுழைவுத்தேர்வு எழுதி, கிண்டியில் கவுன்சலிங்குக்கு அப்பாவோடு போய், கிடைத்த பிரிவை ‘ஆசைப்பட்ட பிரிவு’ என்று ஊரில் சொல்லிக்கொண்டவர்கள். வகுப்பில் 60 பேர். இரண்டாம் வருஷம் டிப்ளமோ முடித்துவிட்டு வந்து சேர்ந்தவர்கள் ஆறு பேர். இந்த 66இல் இப்போது வாட்ஸாப் குழுவில் இருப்பவர்கள் 64. வாட்ஸாப் ஒரு குழுவுக்கு 1,024 பேர் வரை இடம் தருகிறது; நல்லவேளை, கல்லூரி தரவில்லை.

“நண்பர்களிடம் நான் கற்ற பாடங்கள் மூன்று” என்று நம்மவரும் தொடங்கினார். முதல் பாடம், பக்கெட்.

விடுதிக்குப் போன முதல் நாள் அம்மா வாங்கிக் கொடுத்தது. பச்சை நிறம், 15 லிட்டர், கூடவே ஒரு மக். மக் மூன்றாம் நாளே போய்விட்டது. மக்கைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை, அது கொசுக்கடி மாதிரி. பக்கெட் அப்படியா? அதுதான் துணி ஊறவைக்கும் தொட்டி, கேரம் ஆடும்போது நாற்காலி, கலைநிகழ்ச்சி ஒத்திகையில் தவில். விடியற்காலையில் குழாயடி வரிசையில் ஆளுக்குப் பதிலாக நிற்பதும் அதுதான். வார்டனுக்குத் தெரியாமல் ஹீட்டர் ராடு போடுவதும் அதில்தான். 1,000 வாட் ராடு, ஒரு பக்கெட் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர 20 நிமிஷத்துக்கு மேல் எடுக்கும். அந்த பேட்ச் சொந்தமாகப் போட்டுப் பார்த்த ஒரே தெர்மோடைனமிக்ஸ் கணக்கு அது. ராடு சாய்ந்தால் பிளாஸ்டிக் விளிம்பு உருகும். நம்மவர் பக்கெட்டிலும் விளிம்பில் அரைவட்டமாக ஒரு உருகல். அங்க அடையாளம்.

அடையாளம் மட்டும் போதுமா? பெயின்ட்டில் பெயர் எழுதினால் பிளேடால் சுரண்டிவிடுவார்கள். எனவே காம்பஸ் முனையைச் சுட வைத்து, ஆங்கிலத்தில் தன் இனிஷியலான பி-யைப் பொறித்தார். ஒரு வாரம் நிம்மதி. பிறகு பக்கெட் காணவில்லை. மாடிக் குளியலறையில் கண்டெடுத்தபோது பி-க்கு ஒரு கால் முளைத்து ஆர் ஆகியிருந்தது. மீட்டுவந்தார். அடுத்த மாதம் மறுபடி போனது. இந்த முறை ஆர்-இன் கால் வளைந்து மறுபடியும் பி ஆகியிருந்தது. இது அந்த பி இல்லை, தொப்பை வைத்த பி. “பி என்னுடைய இனிஷியல்” என்று நம்மவர் வாதாட, “எனக்கும் பி-தான்” என்று எதிராளி வாதாட, தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் வழக்கு தீரவேயில்லை. நாலு வருஷத்தில் ஐந்து பக்கெட். ஐந்தும் பச்சை, பிடிவாதம்தான். அம்மா கடைசி வரை நம்பியது, பையன் ரொம்பக் குளிக்கிறான் என்று.

வார்த்தை எண்ணிக்கை 100ஐத் தாண்டிவிட்டது. பரவாயில்லை என்று தொடர்ந்தார்.

இரண்டாம் பாடத்தை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பேப்பர், எம்-த்ரீ. ஃபூரியே சீரிஸ் என்றால் டிவி சீரியல் மாதிரி ஏதோ என்று நம்மவர் நினைத்திருந்த, தேர்வுக்கு முந்தைய இரவில், ஒருவன் மெஸ் மேசையில் உட்கார்ந்து, இரண்டு மார்க்கில் தொடங்கிப் பதினாறு மார்க் வரை விடியும்வரை சொல்லிக்கொடுத்தான். நம்மவர் 54 வாங்கிப் பாஸானார். சொல்லிக்கொடுத்தவன் காலையில் தூங்கிப்போய் அரியர் வைத்தான். குழுவில் இல்லாத இரண்டு பேரில் அவன் ஒருவன். மற்ற 63 பேரிடம் கேட்டும் யாரிடமும் நம்பர் இல்லை. காலை வணக்கத்துக்கு மட்டும் 64 பேரும் இருக்கிறார்கள்.

மூன்றாம் பாடம் என்ன என்பது மறந்துபோனது. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் பன்னிரண்டாவது நன்றி வந்தது. எழுதியவர் பக்கத்து அறைக்காரர், தொப்பை பி. “பகிர்ந்து வாழ்வதை எனக்குக் கற்றுத்தந்த நண்பர்களுக்கு...” என்று ஆரம்பித்திருந்தது.

நம்மவர் தன் கட்டுரையை அப்படியே அழித்துவிட்டு ஒரே வரி தட்டினார்: “என் பச்சை பக்கெட் எங்கே?”

இரண்டு நிமிஷம் ‘டைப்பிங்’ என்று காட்டியது. பிறகு பதில் வந்தது.

“மச்சான், எந்தப் பச்சை? விளிம்பு உருகினதா, கைப்பிடி உடைஞ்சதா?”

கைப்பிடி உடைந்தது தொலைந்தபோது நம்மவர் சந்தேகப்பட்டது வேறொருவர் மேல். நாலாவது மாடிக்காரரோடு ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்தார்.