பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்ட அரிசியைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: அரிசியில் குளூட்டன் இருந்தால்தானே எடுப்பதற்கு! கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள புரதம் அது. சீலியாக் நோயாளிகளுக்குச் சிறுகுடலின் உட்சுவரையே சிதைத்துவிடும். கோதுமைதான் காரணம் என்று 1950-இல் தன் ஆய்வேட்டில் காட்டியவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ.

இட்லி, இடியாப்பம், கேழ்வரகுக் களி எல்லாம் பயமில்லாமல் சாப்பிடலாம். ஆபத்து ஒளிந்திருப்பது சாம்பாரில்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. மால்ட் பானங்களில் பார்லி. ரவையும் மைதாவும் கோதுமையின் பிள்ளைகளே.

மாவு மில்லில் கோதுமைக்குப் பிறகு அதே இயந்திரத்தில் அரைத்த அரிசி மாவும் இவர்களுக்கு ஆகாது. பாக்கெட் மாவுக்குத்தான் அந்த முத்திரை உண்மையில் உதவும்: கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி.

சந்தேகம் இருப்பவர்கள் சப்பாத்தியை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் முடிவில் தெரியாமல் போகலாம்.