தாராளமா தொற மாப்ளே!

தாராளமா தொற மாப்ளே, யாரு வேணாம்னா? ஒன் கை, ஒன் வாட்சு, ஒன் மாமனார் காசு. நடுவுல நான் யாரு? ஆனா ஒண்ணு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல கம்பெனி கேட்டுல நின்னு நின்னே வயசானவன் நான். உள்ள போறவன நிறுத்தி நாலு கேள்வி கேக்காம விட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. கேக்குறேன். பதில் சொல்லிட்டு அப்புறமா அந்த ஸ்க்ரூ டிரைவரக் கையில எடு.

மொதக் கேள்வி. இன்னா வேலையா உள்ள போற? "ஒரு நாளைக்கு அஞ்சு செகண்டு வேகமா ஓடுது மாமா"ன்ற. அடேங்கப்பா! ஒரு நாளைக்கு 86,400 செகண்டு, அதுல அஞ்சுக்குக் கணக்குக் கேக்குற. சுவிட்சர்லாந்துல குரோனோமீட்டர்னு சர்ட்டிபிகேட்டு குடுக்குறவங்களே சராசரியா 4 செகண்டு பின்னால, 6 செகண்டு முன்னால வரைக்கும் பாஸ் போட்டு அனுப்புறாங்க. அவங்க பாஸ் பண்ணத நீ பெயில் பண்ற. மெக்கானிக்கல் வாட்சுல பலதும் மணிக்கு 28,800 தடவ அடிக்குது, ஞாயித்துக்கெழமகூட லீவு கேக்கல, ஓவர்டைம் கேக்கல. நீ ஏறி வர்ற லோக்கல் ரயிலு கவரப்பேட்டையில சிக்னலுக்கு நின்னா இருவது நிமிசம் போவுது. அத என்னிக்காவது கழட்டிப் பாத்தியா?

சரி, அஞ்சு செகண்டு இல்ல, அஞ்சு நிமிசமே முன்னால ஓடுதுன்னு வை. அப்பவும் கத்திய எடுக்காத, அண்ணாந்து பாரு. ஒங்க ஸ்கிராப் யார்டு கிரேன்ல கொக்கி தொங்க வேண்டிய எடத்துல வட்டமா ஒண்ணு தொங்குதே, டன் கணக்குல இரும்பத் தூக்குதே, அந்த மேக்னெட்டுக்கு அடியிலதான நீ கையக் கட்டிக்கினு நின்ன? வாட்சுக்குள்ள கொசுவத்திச் சுருளு மாதிரி ஹேர் ஸ்பிரிங்குன்னு ஒண்ணு இருக்குது. காந்தம் ஏறிச்சின்னா அதோட சுத்துங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டுனா ஸ்பிரிங்கு நீளம் கொறஞ்சதாக் கணக்கு, வாட்சு தலைதெறிக்க ஓடும். இதுக்கு வைத்தியம் இன்னா தெரியுமா? ஒரு சின்னப் பொட்டி. கடைக்காரரு வாட்ச அதும்மேல வச்சிப் பட்டன அமுக்கி, மெல்லத் தூக்குவாரு. மூடியே தொறக்க வேணாம். நீ மூணு நாளு லீவு போட்டுப் பண்ணப் போற ஆப்பரேசன அவரு டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருவாரு.

காந்தத்துக்குப் பயந்துதான் ரோலக்ஸ்காரன் 1956-லயே ஆயிரம் காஸ் காந்தம் தாங்குற மில்காஸ்ன்ற வாட்ச விட்டான். 2013-ல ஒமேகாக்காரன் 15,000 காஸ் தாங்கும்னு ஒண்ணக் காட்டுனான். ஒன் மாமனாரு அந்த ரகமா பாத்து வாங்கியாந்தாரு? எது தள்ளுபடியோ அத வாங்கியாந்தாரு. அப்போ யார்டுக்குள்ள போறதுக்கு முந்தி அவுத்து லாக்கர்ல வை. இந்த வேலைக்கு டூலும் வேணாம், டிரெய்னிங்கும் வேணாம்.

ரெண்டாவது கேள்வி. பெர்மிட் எங்க? பிளாண்டுல ஒரு பம்பத் தொறக்கணும்னா கரண்ட நிறுத்துற, பூட்டுப் போடுற, ஒன் போட்டோ ஒட்டுன டேக்கத் தொங்க விடுற, சேப்டி ஆபீசருகிட்ட கையெழுத்து வாங்குற. வூட்டுக்கு வந்தா அந்தப் புத்தியெல்லாம் செருப்போட வாசல்லயே வுட்டுர்ற. வாட்சுக்குள்ளயும் அடக்கி வச்ச சக்தி இருக்குது அப்பா. மெயின் ஸ்பிரிங்குல ஏறியிருக்குற முறுக்க மொதல்ல எறக்கணும். ஆட்டோமேட்டிக்குன்னா நீ கைய ஆட்டி ஆட்டியே அத முறுக்கி வச்சிருப்ப. எறக்காம, சக்கரத்தத் தடுத்துப் புடிக்கிற பேலட்ட உருவுனன்னு வை, சக்கரமெல்லாம் ஒரே நேரத்துல விர்ருனு சுத்தும், பல்லு போவும், ஊசிமுனை ஒடியும். பேலன்ஸ் வீலு நிக்கிற முனையோட தடிமன் ஒரு மில்லிமீட்டர்ல சுமாரு பத்துல ஒரு பங்கு. நீ பிடிச்சிப் பழகுனது பதினாறு எம்எம் போல்ட்டு.

அதுலயும் ஒரு குசும்பு வச்சிருக்கான் பாரு. பல மெஷின்ல கிரவுன் வீலு ஸ்க்ரூ லெஃப்ட் த்ரெட்டு. கழட்டுறேன்னு வழக்கமாத் திருப்புற பக்கம் திருப்புனா இறுகும். "டைட்டா இருக்குதே"ன்னு தம் கட்டித் திருப்புவ, தலை தனியா கழண்டு கையில வந்துரும். அப்புறம் சாவித் தண்ட உருவுறதுக்குன்னு ஒரு குட்டி ஸ்க்ரூ. அத அளவுக்கு மீறி லூஸ் பண்ணா உள்ள இருக்குற லீவரு கழண்டு விழும். அத மறுபடி மாட்ட டயலு, முள்ளு எல்லாத்தையும் எறக்கணும். தண்டத் திரும்ப மாட்ட முடியாம முழிக்கிறவங்கள பஜார் வாட்சுக் கடையில நான் நெறையப் பாத்திருக்கேன். எல்லாரும் ஒரே வசனந்தான் பேசுவாங்க: "ஃபிரெண்டு ஒருத்தன் தொறந்துட்டாண்ணே." பாவம் அந்த ஃபிரெண்டு.

மூணாவது கேள்வி. கையில இன்னா வச்சிருக்க? வெர்னியர் காலிபரு! அளவெடுக்கக் குடுத்தத மூடி தொறக்க எடுத்துக்கினு வந்திருக்க. அது ஒரு வழுக்கு வழுக்குனா பின்மூடியில வரப்பு விழும். பை நெறய டபிள்யூடி-40 வேற. கேட்டுத் தாப்பாளுக்கு அடிச்ச, ஒம் பொண்ணு சைக்கிளுக்கு அடிச்ச, அடுத்து இதுவா? வாட்சுல எண்ணெய் வைக்கிறது எடம் பாத்து, ஊசிமுனையில, கண்ணுக்குத் தெரியாத பொட்டா. சில எடத்துல வைக்கவே கூடாது. ஹேர் ஸ்பிரிங்குல எண்ணெய் பட்டாலே சுத்துங்க ஒட்டிக்கும், அப்புறம் காந்தமே தேவையில்ல. கண்ணாடி ஆடுதுன்னு ஃபெவிகுயிக் வச்சன்னா, அதோட ஆவி டயலு மேல வெள்ளையாப் படியும். கீறல் போவணும்னு கம்பெனி பஃபிங் வீல்ல குடுத்தியோ, கூரா வெட்டுன ஓரமெல்லாம் மழுங்கிப் போவும். பழைய வாட்சு வாங்குறவன் அந்த ஓரத்தப் பாத்துத்தான் வெல சொல்றான். நீ பளபளன்னு ஆக்க ஆக்க அவன் பைசாவக் கொறைப்பான்.

நாலாவது கேள்வி. எந்த எடத்துல வச்சுத் தொறக்கப் போற? கட்டில்லயா, ஃபேனுக்குக் கீழயா? நம்ம ஊர்ல மொட்ட மாடியில காயப்போட்ட வேட்டிய சாயங்காலம் எடுத்தா இன்னா கலரு? ரோலிங் மில்லு, ஃபர்னஸ்னு சுத்தி வச்சிக்கினு, காத்துல மெதக்குறது வெறும் தூசின்னு நெனைக்காத, அதுல இரும்புப் பொடியும் இருக்குது. ஒரு துணுக்கு போதும், சக்கரம் நிக்கும். துள்ளி விழுற ஸ்பிரிங்கு வேற. அது விழுந்த எடம் மறுநாள் வெளக்குமாத்துக்குத்தான் தெரியும்.

மூடிட்டா முடிஞ்சிச்சின்னு நெனைக்காத. பின்மூடிக்கு அடியில ரப்பர் வளையம் ஒண்ணு இருக்கு. அது மடங்குனாலும் நசுங்குனாலும் தண்ணி உள்ள போவும். தொறந்து மூடுனா அழுத்தம் வச்சு டெஸ்ட் பண்ணணும், அந்த மெஷினு ஒங்கிட்ட இல்ல. 30 மீட்டர்னு போட்டிருக்குதேன்னு பழவேற்காட்டு ஏரியில எறங்காத. அது கை கழுவுறப்போ தெறிக்கிற தண்ணிக்குச் சொன்னது, நீ குதிக்கிறதுக்குச் சொன்னது இல்ல. அங்க உப்புக் காத்தே பாதி வேலைய முடிச்சிரும்.

இன்னொண்ணு. இதுல மட்டும் நான் வெளையாடல. தாத்தா காலத்து வாட்ச எறக்கி டயலச் சொரண்டாத. 1960-களுக்கு முந்தி வந்ததுல பலதுல, இருட்டுல மின்னுறதுக்குத் தடவுனது நெசமான ரேடியம். பைக்ல ஒட்டுற ஸ்டிக்கரு வேற, அது பேருக்குத்தான் ரேடியம். அந்த மை இப்போ மின்னாம இருக்கலாம், ஆனா ரேடியத்தோட வீரியம் பாதியாவுறதுக்கே 1,600 வருசம் ஆவும். அமெரிக்காவுல அத டயலுக்குத் தீட்டுன பொண்ணுங்க, பிரஷ்ஷ ஒதட்டுல வச்சுக் கூராக்கித் தீட்டி, தாடை அரிச்சு பல பேரு செத்தாங்க. 1920-கள்ல நடந்தது. சொரண்டுனா அந்தத் தூளு ஒன் மூக்குக்குள்ளதான் போவும். கொழந்தைங்க இருக்குற வூடு.

"ஒடஞ்சா வாங்கி மாட்டிக்கிறேன்"ன்னு சொல்லுவ. பேரிங்கா, பெல்ட்டா, பாரிமுனையில போயி பத்து நிமிசத்துல வாங்கியார? பெரிய சுவிஸ் கம்பெனிங்க பலதும் பார்ட்ஸ வெளியாளுக்கு விக்கிறதில்ல. டூப்ளிகேட்ட மாட்டுனா வாட்சு ஓடும், பேரு ஓடாது. நீ கைய வச்சது தெரிஞ்சா வாரண்டியும் கையக் கழுவிக்கும்.

அப்போ நான் ஒண்ணுமே பண்ணக் கூடாதான்னு மூஞ்சத் தூக்காத. மெத்துன்னு இருக்குற துணியில தொடை. ஸ்ட்ராப்ப மாத்து, பக்கத்துல கீறாம. தண்ணி பக்கம் போவுறப்போ சாவி உள்ள தள்ளி இறுகியிருக்குதான்னு பாரு. சி ஷிஃப்ட்டு போறவன் நீ, அதனால இதக் கேட்டுக்க: ராத்திரி 9 மணிலேர்ந்து விடிகாலை 3 மணி வரைக்கும் தேதிய மாத்தாத. பல வாட்சுல அந்த நேரத்துலதான் தேதிச் சக்கரம் மாட்டிக்கினு இருக்கும், அவசரப்பட்டுத் திருப்புனா பல்லு ஒடியும். தூக்கம் வரலன்னா செல்லப் பாரு, வாட்ச விடு.

நெசமாவே தொழில் கத்துக்கணும்னு ஆசையா? அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். எந்த வூட்டு அலமாரியிலயாவது ஓடாத எச்எம்டி ஜனதா ஒண்ணு கெடக்கும். எச்எம்டின்றது 1961-ல ஜப்பான் சிட்டிசன்காரனோட சேந்து பெங்களூர்ல வாட்சு பண்ண ஆரம்பிச்ச கம்பெனி. 2016-ல அரசாங்கமே அந்த வாட்சுக் கம்பெனிய மூடச் சொல்லிட்டாங்க. அந்த ஜனதாவ வாங்கு, கண்ணுல ஒரு லூப் லென்ஸ மாட்டு, பஜார்ல வாட்சுக் கடை வச்சிருக்குற பெரியவரு பக்கத்துல வாய மூடிக்கினு ஒக்காரு. ஒடை, சேத்து மாட்டு, மறுபடி ஒடை. ஒடைக்கிறதுக்கு ஒரு வாட்சு, கட்டுறதுக்கு ஒரு வாட்சுன்னு வச்சிக்கிறவன்தான் புத்திசாலி.

இத்தினியும் கேட்டுட்டு, "இல்ல மாமா, யூடியூபுல ஒருத்தன் பத்து நிமிசத்துல முடிச்சான்"ன்னு நிக்கிறியா? அவன் வெட்டி எடுத்த அம்பது நிமிசத்த நீ பாக்கல. சரி, உள்ள போ. ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடு. எல்லாத்தையும் கழட்டி முடிச்சதும் ஒரு துணுக்கு விடாம டப்பாவுல அள்ளிக்கினு எங்கிட்ட வா. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு, செயினோட நூத்தம்பது கிராமாவது வரும். நம்ம ஊர்ல ஸ்கிராப்பு எடுக்குறவனுக்கா பஞ்சம்? ஒரு டீயும் ஒரு போண்டாவும் தேறும். டீ ஒனக்கு. போண்டா எனக்கு, இவ்ளோ நேரம் பேசுன கூலிக்கு.