வீட்டு சர்வர் சுந்தரம்

சர்வர் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர், "இட்லி, பொங்கல், வடை, பூரி" என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறவர். 1964-ல் வந்த படத்தில் நாகேஷ் அவரை அழியாத ஆளாக்கிவிட்டார். இப்போது அடுக்ககங்களில் பிளாக்குக்கு ஒருவராவது இன்னொரு வகை சர்வர் சுந்தரம் இருக்கிறார். பகலில் ஐ.டி. வேலை, இரவில் லாஃப்ட் வேலை. லாஃப்டில் செருப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதற்கு வாலாக நீல கேபிள். குடும்பத்தின் மொத்தப் படங்களும் பாட்டுகளும், யாரும் இரண்டாம் முறை பார்க்காத சீமந்த வீடியோவும் அதற்குள்தான் இருக்கின்றன.

இந்த இனத்தில் பலருக்கு ஞானம் பிறந்த தேதி 2021 ஜூன் 1. அதுவரை கூகுள் ஃபோட்டோஸில், கொஞ்சம் சுருக்கிய படங்களை எத்தனை வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுவைக்கலாம். அன்று முதல் மெயில், டிரைவ், படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். அதற்கு மேல் சந்தா. "நம்ம வீட்டுப் படத்த நாம பாக்க வாடகையா?" என்று சுந்தரம் கொதித்தார். மாதம் நூற்றுச் சொச்ச ரூபாயை மிச்சம் பிடிக்க ரிச்சி தெருவுக்குப் போய், 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கிவந்தார். இந்தப் பணத்துக்கு எத்தனை வருஷம் சந்தா கட்டியிருக்கலாம் என்று மனைவி ஒரே ஒருமுறை கேட்டார். அப்புறம் ஏனோ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

டிஸ்க்கை மாட்டியதும் முதல் அதிர்ச்சி. அட்டைப்பெட்டியில் 4 டெராபைட்; விண்டோஸ் திரையில் 3.63. சுந்தரம் பில்லோடு கடைக்குத் திரும்பிப் போனார். கடைப் பையன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். கடைப் படி வேறு, வீட்டுப் படி வேறு என்று பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம்.

முதலில் பழைய கம்ப்யூட்டரைத்தான் சர்வராக்கியிருந்தார். அது 60 வாட் இழுக்கும். இரவு பகல் ஓய்வில்லாமல் இரண்டு மாதம் ஓடினால் 86 யூனிட். அரசு அப்போது இலவசமாகத் தந்த 100 யூனிட்டில் முக்கால்வாசிக்கு மேல் லாஃப்டே சாப்பிட்டுவிட்டது. கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும் என்பது குடும்பத்தலைவிக்கு மனப்பாடம். "ஏங்க, ஏசி போடாமலே எப்படிங்க 540?" அடுத்த வாரமே கம்ப்யூட்டர் ஓய்வு பெற்று, குறைவாகச் சாப்பிடும் கறுப்புப் பெட்டி வந்தது. அதற்குச் செலவானது இன்னொரு கணக்கு.

மாமனாருக்கு இந்தத் தொழில் பிடிபட்டதே இல்லை. ஒருநாள் கும்பகோணத்திலிருந்து போன் செய்தவரிடம் சுந்தரம் பெருமையோடு சொன்னார்: "மாமா, நம்ம வீட்டுல ரெய்டு போட்டாச்சு."

மறுமுனையில் நீண்ட மௌனம். "மாப்ளே... எவ்ளோ எடுத்துட்டுப் போனாங்க?"

இந்த ரெய்டு வேறு. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கித் தந்த ஏற்பாடு. விலை குறைந்த டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டுவது. அதில் ஒரு வகை, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயத்தை எழுதும். ஒன்று படுத்தால் மற்றது தாங்கும். இதையே பேக்கப் என்று நம்பிவிடுவது சுந்தரங்களின் குலவழக்கம். டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். ஆள் தவறாக அழித்தால், இரண்டிலும் ஒரே நொடியில் சுத்தமாக அழித்துக் கொடுக்கும்.

பரிமாறுவதில்தான் ஹோட்டல் சர்வர் இவரைத் தோற்கடிக்கிறார். படம் பார்க்க ஜெல்லிஃபின், புகைப்படத்துக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட் என்று எல்லாம் தயார். ஆனால் சிங்கப்பூர் மச்சான் கல்யாண வீடியோ கேட்டபோது, இணைய நிறுவனம் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே பொது முகவரியைத்தான் கொடுத்திருக்கிறது என்பது தெரிந்தது. மேன்ஷன் முகவரிக்குக் கடிதம் போட்ட கதை. எந்த அறைக்கு என்று வாசலில் இருப்பவருக்குத் தெரியாது. சுந்தரம் ஒரு வாரம் சுரங்கப்பாதை தோண்டினார். மச்சான் ஒரு செயலி இறக்கி, ஒரு சாவி பதிந்து, இரண்டு முறை அனுமதி கொடுத்து, கடைசியில் கேட்டார்: "அத்தான், வாட்ஸ்அப்ல அனுப்ப முடியாதா?"

இதற்கெல்லாம் அசராமல் அவர் ஒரு மந்திரம் சொல்லுவார்: 3-2-1. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய விதி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. அந்த 'வெளியே' எதற்கு என்று 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிக்கு விளக்க வேண்டியதில்லை. தரைத்தளத்தில் ஆல்பமும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே மிதந்தன. ஆகவே மூன்றாம் பிரதி கும்பகோணம் போனது. மாமனார் அதை பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்து, சந்தனம் குங்குமம் இட்டு மறுபடி பூட்டினார்.

வீட்டுப் பிரதியின் மகிமையை யாராவது சந்தேகித்தால் சுந்தரத்திடம் பிரம்மாஸ்திரம் ஒன்று உண்டு. 1998-ல் பிக்ஸாரில் 'டாய் ஸ்டோரி 2' உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே மறைந்துகொண்டே போனது. பேக்கப்பைத் திறந்தால் அதுவும் கொஞ்ச நாளாகவே சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைக் கைக்குழந்தையைப் போலப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். இந்த இடத்தில் சுந்தரத்தின் குரல் தழுதழுக்கும். அவ்வளவு பாடுபட்டு மீட்ட படத்தில் பெரும்பகுதியைக் கொஞ்ச நாளிலேயே வேண்டாமென்று ஒதுக்கி, கதையை மாற்றிப் புதிதாகச் செய்தார்கள் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

அவருடைய சொந்த டாய் ஸ்டோரி ஒரு சனிக்கிழமை நள்ளிரவில் நடந்தது. ஒரே படம் பதினான்கு இடத்தில் இருந்ததைப் பார்த்து, இரட்டைகளைக் களையெடுக்க ஒரு நிரல் எழுதி ஓடவிட்டார். நிரல் நன்றாகத்தான் வேலை செய்தது. களையோடு பயிரையும் எடுத்தது. இரண்டு வருஷத்துப் படங்கள், மகனின் ஐந்தாவது பிறந்தநாள் உட்பட, காணோம். ரெய்டு சொன்னபடி கேட்டு, இரண்டு டிஸ்க்கிலும் அழித்திருந்தது.

விடியற்காலை கும்பகோணம் பஸ். நெற்றியில் காய்ந்த குங்குமத்தோடு டிஸ்க் வெளியே வந்து, முதல் தடவையிலேயே திறந்துகொண்டது. மாமனார் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் அதில் கடைசியாக ஏறிய படம், சுந்தரம் அதை ஒப்படைத்துவிட்டுப் போன தீபாவளிக்கு முந்தைய நாளுடையது. பிறந்தநாள் அதற்குப் பிறகு, தை மாதம்.

திரும்பி வந்து சோபாவில் சரிந்தவரிடம் மனைவி போனை நீட்டினார். ஊதின மெழுகுவர்த்தி, மூக்கில் கிரீம், அழுத பக்கத்து வீட்டுக் குழந்தை, எல்லாம் தேதி வாரியாக இருந்தது.

"இது எங்க இருந்துச்சு?"

"கூகுள்லதான். மாசா மாசம் கட்டிட்டு வரேன்."

"எத்தன நாளா?"

"நீங்க ரிச்சி தெரு போனீங்கல்ல, அந்த வாரத்துலேர்ந்து. உங்க கார்டுலதான் போகுது, பாக்கலியா?"